ஞாயிற்றுக்கிழமை வாக்குமூலம்

என் எதிரியை என் கைப்பையிலேயே வைத்து, அடிபடாமல் இரண்டு புடவைகளுக்கு நடுவே பொதிந்து, தென்காசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எதிரி என்றால் ஆள் இல்லை, மின்நூல் படிக்கிற கருவி. பார்க்க ஸ்லேட்டு மாதிரி இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் புத்தகம் அடங்கும், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். எங்கள் வாசகர் வாட்ஸப் குழுவில் இதை எதிர்த்து நான் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. புத்தகம் என்றால் மணக்க வேண்டும், மூலை மடிக்க வேண்டும், நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு தூங்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அத்தனையையும் கைபேசியில் தட்டித்தான் அனுப்பினேன் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

கட்சி மாற வைத்தது அக்கா. அவள் திருச்சிக்காரி, என்னோடு பிறந்தவள். தென்காசியில் வாழ்க்கைப்பட்டு வருஷக்கணக்கில் ஆனதில், என்னை "ஏட்டி" என்று கூப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஏட்டி சுமதி, அத்தானுக்குக் கண்ணு போச்சு. எழுத்து தெரிய மாட்டேங்கு. நாள் பூரா சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காவ. ஏதாச்சும் செய்யி."

அத்தான் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரப்பார்வை இருப்பதால் நடமாட்டத்துக்குக் குறையில்லை. எதையாவது நேராகப் பார்த்தால்தான் அந்த இடம் கலங்கிப் போகிறது. எழுத்து பெரிதாக இருந்தால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். இப்படித்தான் என் எதிரி எனக்கே விருந்தாளியானது.

வியாழக்கிழமை காலையில் ரயிலைவிட்டு இறங்கினால், சாரல். நான் குடியிருக்கும் சென்னையில் மழை பெய்தால் பெய்யும், இல்லாவிட்டால் இல்லை. இங்கே இரண்டும் இல்லாமல் மாவு சலிக்கிற மாதிரி விழுந்துகொண்டே இருக்கிறது, அதை யாரும் மழையாக மதிப்பதும் இல்லை. ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கி அதை உதைத்துவிட்டு, "சீசன்ல இதுக்கும் குளிருது, பாத்துக்கிடுங்க" என்றார். நானும் இறங்கித் தள்ளினேன். தோளில் தொங்கிய துணிப்பையில் பயணத்தில் படிக்க நான் கொண்டுவந்த மூன்று தடித்த நாவல்கள் இருந்தன. அச்சுப் புத்தகத்தின் எடையைப் பற்றிக் குழுவில் நான் எதுவும் எழுதியதில்லை.

அத்தான் வீட்டு முன்னறையில் கூரைவரைக்கும் புத்தகம். சுரண்டை, கீழப்பாவூர், ராயகிரி என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து புத்தகம் மாற்றிப் போவார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. கொண்டுபோன புத்தகத்தில் என்ன நடந்தது என்று அத்தானிடம் வாயால் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும். இதற்கு வாக்குமூலம் என்று பெயர். உத்தியோகப் புத்தி, வேறென்ன? முன்னட்டையையும் பின்னட்டையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒரு பட்டாளத்துக்காரரை மூன்றே கேள்வியில் மடக்கி, அதே புத்தகத்தோடு ராயகிரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வாக்குமூலம் வாங்குகிறவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டுமே. அதனால், தான் படிக்காத புத்தகத்தை அத்தான் யாருக்கும் கொடுப்பதில்லை.

கண் மங்கியதும் இந்தச் சட்டம் அவர் கழுத்தையே பிடித்தது. புதிதாக வாங்கியவை உறை பிரிக்காமல் கிடந்தன. பழையதையெல்லாம் எல்லாரும் படித்து முடித்தாயிற்று. வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் மிஞ்சியது சுரண்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் செல்வி ஒருத்திதான். அவளும் படித்ததையே மறுபடி படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா வருத்தப்பட்டாள்.

காபி குடித்த கையோடு கருவியை எடுத்தேன். அத்தானுக்குப் பிடிக்கும் என்று ஏற்றி வைத்திருந்த குடும்ப நாவலைத் திறந்து, எழுத்தை உச்சத்துக்குப் பெரிதாக்கி, கையில் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று வார்த்தைதான் நின்றது.

"தெரியுதா அத்தான்?"

அவர் கருவியைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுபோனார், தலையைச் சாய்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"தெரியுதே! நல்லா தெரியுதுட்டி."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். என் கட்சி தோற்ற முதல் நாள் அது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் விரலால் தட்டித் தட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் எதிரே உட்கார்ந்து முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவர் தோள்மேல் எட்டிப் பார்ப்பது எங்கள் கட்சியில் பெரிய குற்றம். ராத்திரிச் சாப்பாட்டில் கதை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "சொன்னா ருசி போயிரும்" என்று தேங்காய்ப்பால் சொதிக் குழம்புக்குள் இறங்கிவிட்டார். தென்காசிச் சொதியில் மிதக்கும் உருளைக்கிழங்குக்கு முன்னால் நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். குற்றாலத்தில் கூட்டம் என்றால் கோயில் கூட்டம். எண்ணெய் வழிய நிற்கும் ஆண்கள், நனைந்த சுடிதாரோடு வரிசையில் நடுங்கும் பெண்கள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்கிறவர்கள், எல்லாருக்கும் மேலே உட்கார்ந்து எதைப் பிடுங்கலாம் என்று யோசிக்கும் குரங்குகள். சென்னையில் தண்ணீருக்காக வரிசையில் நின்றிருக்கிறேன். அங்கே குடத்தோடு நின்றேன், இங்கே என்னையே கொண்டுபோய் நிறுத்தினேன். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்ததும் ஒரு நிமிஷத்துக்கு வாட்ஸப் குழு, இலக்கியம், திரும்பிப் போகும் டிக்கெட் எல்லாம் மறந்துபோனது.

அத்தான் குளிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கருவியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறைமேலேயே தட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் பெருமையாகத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போன நாவல் சாரலில் ஊறி, ஊறவைத்த அவல் பதத்துக்கு வந்திருந்தது. பிழிந்தால் கதை சொட்டும். பக்கத்தில் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்த மலையாளி ஒருவர் அத்தானின் கருவியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். செங்கோட்டைக்காரர்களோடு பழகி மலையாளம் பிடித்துவைத்திருக்கும் அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்.

"இந்த வயசுலயும் ஒவ்வொண்ணையும் முறையா கத்துக்கிடணும்னு நினைக்காரே பெரியவருன்னு சொல்லுதாரு."

நாவல் படிப்பதில் முறையாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றியது. மலையாளிகள் வாசிப்பை அவ்வளவு மதிக்கிறார்கள் என்று வியந்துவிட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். பஜ்ஜியில் பாதியைக் குரங்கு வாங்கிக்கொண்டது.

சனிக்கிழமை கேரள எல்லைப் பக்கம் போய்ப் புரோட்டா சாப்பிட்டோம். சென்னையில் புரோட்டாவைப் பிய்ப்பதற்கே தனித் தெம்பு வேண்டும். இங்கே தட்டில் விழும்போதே அது தானாக உதிர்ந்துவிடுகிறது. இதை விரிவாக எழுத ஆசைதான். ஆனால் மூன்று நாள் தொடர்ந்து சாப்பாட்டையே எழுதினால் நான் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகும். அத்தான் சாப்பிட்டுக் கைகழுவியதும் கருவியைத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் நானும் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் காற்று ஆளைப் பிடித்து உள்ளே தள்ளியது. வேண்டிக்கொள்ள எனக்கு எதுவும் இருக்கவில்லை, அத்தான்தான் படிக்க ஆரம்பித்துவிட்டாரே. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், அவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் எங்கத்தான்?"

"செல்வி வந்தா. குடுத்து விட்டேன்."

"எதை?"

"புஸ்தகத்தைத்தான். நல்ல கதைன்னு சொன்னேன், கேட்டா. நல்லாருக்குன்னு சொல்லிட்டு எப்படி இல்லேங்கது?"

"அத்தான், அதுக்குள்ள இருக்கற எல்லாப் புஸ்தகமும் கூடப் போயிருச்சே!"

"அவ ஒண்ணத்தான் படிப்பா. மத்தது திரும்பி வரும்லா."

இந்த வீட்டில் புத்தகம் என்றால் கொடுப்பது, கொடுத்தால் திரும்பி வருவது, திரும்பி வரும்போது ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வருவது. அந்தப் பழக்கத்துக்கு அச்சும் மின்சாரமும் ஒன்றுதான். சார்ஜர் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தோடு வயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"நீங்க முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"முடிக்காம குடுப்பனா?" என்றார் இன்ஸ்பெக்டர் குரலில்.

அன்றைக்கே குழுவில் என் தோல்வியை அறிவித்தேன். 'பார்வை மங்கிய என் அத்தான் மூன்று நாளில் ஒரு தடித்த நாவலை முடித்திருக்கிறார். எழுத்துதான் முக்கியம், காகிதம் அல்ல' என்று உருக்கமாக எழுதினேன். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. நானே அதை இரண்டு தடவை படித்துக் கண்கலங்கினேன்.

அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "சாயங்காலம் நீ ரயில் ஏறிருவ. அதுக்குள்ள அத வாங்கிட்டு வந்துருட்டி. அது இல்லாட்டி அந்த மனுசன் மறுபடியும் சுவத்தத்தான் பாப்பாவ" என்று திங்கட்கிழமை காலையில் என்னைச் சுரண்டைக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

பஸ் சூரியகாந்தி வயல் பக்கம் போய் நின்றுவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் வெளியூர்க் கார்கள். பூவுக்கு நடுவே நின்று படமெடுக்கக் குடும்பம் குடும்பமாக வயலுக்குள் இறங்கியிருந்தார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கி அமுக்கிக் களைத்துவிட்டார். "பூவு ஒரு பக்கம் பாக்கு, இவனுவ எல்லாரும் அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கானுவ" என்று முன்சீட்டுப் பெரியவர் அலுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது நானும் ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

செல்வியின் கடை சுரண்டை பஜாரில் இருக்கிறது. நாற்பது வயசுக்காரி, கணீரென்ற குரல். இட்லிக் கொப்பரைகளுக்கு நடுவே கருவியைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும், "வாங்கக்கா, செத்த இருங்க, முக்கியமான எடத்துல நிக்கேன்" என்று ஸ்டூலைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டி வாங்க இரண்டு பேர் வந்தார்கள். அவள் கண்ணை எடுக்காமலேயே விலையைச் சொன்னாள், நான் எடுத்துக் கொடுத்தேன். மூடி பொருந்துகிறதா என்று சரிபார்த்துக் கொடுக்கும் அளவுக்கு எனக்கு வியாபாரம் பிடிபட்டது.

அத்தியாயம் முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"கதை அருமைக்கா. ஆனா நேத்து பஸ்சுல தொறந்தப்ப பயந்தே போனேன். முழுக்க இங்கிலீசு. ஒரு பக்கத்துக்கு மூணே மூணு வார்த்தை. வீட்டுக்குப் போனதும் எம்மவதான் படிச்சுச் சொன்னா. இந்த மெஷினுக்கு எப்படிச் சார்ஜ் போடணும், எப்படித் தொடைக்கணும்னு கம்பெனிக்காரன் கூடவே வச்சிருக்க புஸ்தகமாம். அண்ணாச்சி அதுல பாதிக்கு மேல வந்திருக்காவ."

"கை பட்டு மாறியிருக்கும்" என்றேன். "நாவல முடிச்சிட்டு, அதுக்கப்புறம்..."

"எம்மவ தேடி எடுத்தப்ப நாவலு மொத பக்கத்துலல்லா நின்னுச்சு."

நான் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். வியாழக்கிழமை அவர் முகம் மலர்ந்தது கண்முன்னால் வந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று வார்த்தை அளவுக்குப் பெரிதாக்கியும் தெரியவில்லை. எதிரே இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால், தெரிகிறது என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற மூன்று நாளும் தட்டித் தட்டித் திருப்பியிருக்கிறார். கை எங்கேயோ பட்டு நாவல் போய் வேறு புத்தகம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஐந்தருவியில் அந்த மலையாளி பார்த்ததை, கூடவே இருந்த நான் பார்க்கவில்லை. ஊரையே குறுக்குக் கேள்வி கேட்ட மனுஷன் தந்த பொய் வாக்குமூலத்தை, ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கி, வாட்ஸப்பில் வேறு போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அவரை நினைத்துத் துக்கமாக இருந்தது.

செல்விக்கும் விளங்கிவிட்டது. ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்தாள்.

"அப்ப அண்ணாச்சிக்கு இந்தக் கதை தெரியாது, என்னக்கா?"

"தெரியாது."

"இதுவரைக்கும் அவியளுக்குத் தெரிஞ்ச கதையத்தான் அவிய கிட்டயே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். இத நல்லா சொல்லணும்."

அவள் மறுபடி கருவிக்குள் குனிந்தாள். பிற்பகல்வரை படித்தாள், நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். கதை முடியும் நேரத்தில் கருவி சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கத்துக் கடையில் கேட்டால் கரண்ட் இல்லை என்றார்கள். "நீங்க மட்டும் கொண்டு போனா, நான் படிக்காம குடுத்து விட்டேன்னு அண்ணாச்சி நெனப்பாவ. நானே வாரேன்" என்று ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

அத்தான் தன் நாற்காலியில் இருந்தார். செல்வி எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். முன்பு ஊருக்கு வந்தபோது ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த விசாரணையைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார், பாதி வாக்கியத்திலேயே "அப்படியா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார். இன்றைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தங்கை நகையை அடகு வைத்த இடம் வந்ததும், "ஏ, அண்ணங்காரன் ஒண்ணுஞ் சொல்லலையா?" என்று கேட்டார். அது விசாரணை இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செல்வி குரலை ஏற்றியும் இறக்கியும், அழ வேண்டிய இடத்தில் நிறுத்தியும் சொன்னாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் அவர் "அப்புறம்?" என்றார்.

அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பிய இடத்தில் அவள் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?"

"சார்ஜ் தீந்து போச்சு அண்ணாச்சி."

"என்னட்டி சொல்லுத? கதை நடுவுல தீருமா? காயிதப் புஸ்தகம் எங்கயாச்சும் இப்படி நின்னிருக்கா?"

"கொண்டுபோயிப் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வந்து சொல்லுதேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எவன் இருப்பான்? இங்கனயே சார்ஜைப் போடு, படி, சொல்லு!"

அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "நீங்கதான் முடிச்சிட்டியளே, ஒங்களுக்கு என்ன அவசரம்?"

அவர் திணறியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "இவ எப்படிச் சொல்லுதான்னு பாக்கணும்லா" என்று சமாளித்தார். அக்கா அதை நம்பி, செல்விக்குத் தோசை வார்க்கப் போனாள்.

செல்வி சுவரோரம் வயருக்கு எட்டிய தூரத்தில் உட்கார்ந்து படிக்க, அத்தான் மட்டும் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் ஏற்கெனவே நின்றிருந்தது. பிளாட்பாரத்தில் சாரல் குறுக்காக விழுந்தது. பையை ஏற்றிவிட்டு இறங்கினேன். அவர் என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி நின்றார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு ஆள் தெரியும்.

"சுமதி, ஒண்ணு கேக்கட்டா? நான் படிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் செல்வி கதை சொன்னா, அது வெளங்குது. அப்ப இந்த மூணு நாளா நான் எந்தப் புஸ்தகத்தைத்தான் படிச்சேன்?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அவரிடம் எடுபடாது.

"மெஷினுக்குச் சார்ஜ் போடறது எப்படிங்கற புஸ்தகம் அத்தான். இங்கிலீஷ்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நாவல்னுல்லா நெனச்சேன்! பக்கத்துக்குப் பக்கம் மூஞ்சிய வேற மாத்துனேன். சோகமான எடம் வந்திருக்கும்னு அருவிக்கரையில வச்சுக் கண்ணக்கூடத் தொடச்சேன்."

எனக்குச் சிரிக்க வரவில்லை. அழுதுவிட்டேன். முகம் தெரியாவிட்டாலும் சத்தத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அழாதட்டி. சொல்லுததுக்கு ஒருத்தி இருக்கா, இன்னும் நாலு பேரு வருவாவ, நான் கேட்டுக்கிடுதேன். ஒங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத. நான் படிக்கேன்னு நெனச்சு, மூணு நாளா அவ டிவி சீரியலச் சத்தமே இல்லாமத்தான் பாக்கா. வெறும் வாயசைப்பப் பாத்தே அழுதுக்கிட்டு இருக்கா, பாவம்."